எழுபத்தைந்து ரூபாய்!

பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷம் எத்தனை நாளைக்கு? ஃபீஸ் கட்டச் சொல்லிச் சீட்டு வரும்வரைக்கும்தான். அப்புறம் ஸ்காலர்ஷிப் பாரம், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் நகல் என்று ஒரே அலைச்சல். ‘விதிப்படி உங்களுக்குக் கிடையாதுங்க’ என்று கவுன்ட்டரில் கேட்டுவிட்டு மௌனமாகத் திரும்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

கும்பகோணத்தில் ஓர் அம்மாவுக்கு உண்டு. நூறு வருடங்களுக்கும் முன்னால், அரசுக் கல்லூரி முதல்வரைத் தேடிப் போய், ‘என் மகனுக்கு நிறுத்திய ஸ்காலர்ஷிப்பைத் திரும்பக் கொடுங்கள்’ என்று கேட்டார். முதல்வர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவின் பெயர் கோமளத்தம்மாள். மகன், ராமானுஜன்!

நான் வணிகவியல் படித்தவன். மேதையின் கதையாக இருந்தாலும் வரவு, செலவு என்று இரண்டு பக்கம் கோடு போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். வாருங்கள், ராமானுஜனின் பேரேட்டைப் புரட்டுவோம்.

முதல் பக்கம், 1904. அப்பா துணிக்கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். கல்லூரிக் கட்டணமோ ஒரு பருவத்துக்கு 32 ரூபாய்! அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளத்தைச் சாப்பாடுகூட இல்லாமல் அப்படியே கட்ட வேண்டும். ஸ்காலர்ஷிப் இருந்ததால்தான் பையன் உள்ளேயே நுழைய முடிந்தது. ஆனால் அதற்கு எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். கணக்கைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காத ராமானுஜன், ஆங்கிலத்தில் கோட்டை விட்டார். உதவித்தொகை போயிற்று.

அவமானம் தாங்காமல் 1905ல் வீட்டைவிட்டே ஓடினார், விசாகப்பட்டினத்துக்கு! திரும்பி வந்து, 1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் அதே கதை. 1907ல் மறுபடி பரீட்சை எழுதினார். மறுபடி தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை. நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிரம்பிக்கொண்டே போயின.

பேரேட்டின் அடுத்த வரவு, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டபோது ராமானுஜன் கேட்டது, கவலையில்லாமல் கணக்குப் போட வயிற்றுப்பாட்டுக்கு ஏதோ கொஞ்சம். அவ்வளவுதான். 1911ல் தன் கைக்காசிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார் ராவ். எங்காவது ஸ்காலர்ஷிப் வாங்கித் தரவும் முயன்றார். ஒரு கதவும் திறக்கவில்லை. இன்னொருவர் தயவில் ரொம்ப நாள் சாப்பிட ராமானுஜனுக்கும் மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் 30 ரூபாய். அப்பாவைவிடப் பத்து ரூபாய் அதிகம்!

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதே சமயம் சென்னையில் நடந்த ஒரு கூட்டம் பலருக்குத் தெரியாது. சென்னைக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 7ஆம் தேதி சிண்டிகேட் கூடியது. அங்கேயும் வந்து நின்றது விதி! ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டுமே? இவரோ எஃப்.ஏ.கூடத் தேறாதவர்.

உயர் நீதிமன்ற நீதிபதி சுந்தரம் ஐயர் விதியை மீறச் சொல்லவில்லை. விதிக்கும் மேலே இருக்கும் சட்டத்தின் முகவுரையைப் படித்துக் காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை என்று அதில் இருந்தது. எதிர்ப்பு அடங்கியது. மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு! மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தந்தால் போதும். குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு!

கும்பகோணத்தில் கதவைச் சாத்தியதும் விதிதான். சென்னையில் திறந்ததும் விதிதான். யார் கையில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

அப்புறம் வரவுப் பக்கம் மளமளவென்று நிரம்பியது. 1914ல் இங்கிலாந்து போக, பல்கலைக்கழகம் தந்தது ஆண்டுக்கு 250 பவுண்டு. அன்றைக்கு ஒரு பவுண்டு 15 ரூபாய். மாதத்துக்கு 300 ரூபாய்க்கு மேல்! அதில் 50 பவுண்டு ஊரில் குடும்பத்துக்கு. 1918ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. ஊர் திரும்பினாலும் ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் அறிவித்தது.

இனி கடைசிப் பக்கம். அதுதான் இந்தப் பேரேட்டிலேயே எனக்குப் பிடித்த பக்கம்.

1919 ஜனவரி. லண்டனின் புட்னியில், நோயாளியாக இருந்தபடி, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார் ராமானுஜன். இவ்வளவு பணம் எனக்குத் தேவைப்படாது என்கிறார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போகட்டும். என் அவசியச் செலவு போக மிஞ்சுவதைக் கல்விக்குச் செலவிடுங்கள். குறிப்பாக, ஏழை மாணவர்கள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும்.

அடுத்த வருடம், 1920 ஏப்ரல் 26ஆம் தேதி, சென்னை சேத்துப்பட்டில் அவர் காலமானார். வயது 32.

கட்டணமும் புத்தகமும். உலகத்தில் எத்தனையோ தர்மம் இருக்க, அவருக்கு ஏன் இந்த இரண்டும் தோன்றின? பதினாறு வயதில் அவரைக் கணிதப் பைத்தியமாக்கிய கார் என்பவரின் புத்தகம்கூடச் சொந்தமாக வாங்கியதில்லை, இரவல் வந்ததுதான். கட்டணத்தின் கதையோ, கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போன அவருடைய அம்மாவுக்குத் தெரியும்!