கட்டை விரலுக்கு 25 சதவிகிதம்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருந்தது. வலது கை முழங்கைக்கு மேல் போனால் 70 சதவிகிதம். இடது கை என்றால் 60. (இடக்கைப் பழக்கம் உள்ளவர்களை யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது.) முழங்காலுக்குக் கீழே கால் போனால் 50, ஒரு கண்ணுக்கு 30, கட்டை விரலுக்கு 25, ஆள்காட்டி விரலுக்கு 10, மற்ற விரல்கள் ஒவ்வொன்றுக்கும் 5.

எதில் சதவிகிதம்? இனி எந்த வேலையும் செய்யவே முடியாது என்றால் 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அந்தத் தொகையில்தான் இந்தக் கணக்கு. மாதம் 25 ரூபாய் வாங்கிய மில் தொழிலாளியின் கால் முழங்காலுக்குக் கீழே போனால் 525 ரூபாய்.

இன்று படிக்கும்போது கசாப்புக் கடை விலைப்பட்டியல் மாதிரித் தெரிந்தாலும், 1924 ஜூலை 1இல் இது நடைமுறைக்கு வந்தது பெரிய விஷயம்தான். அதற்கு முன் முதலாளியின் தவறு என்று கோர்ட்டில் நிரூபித்தால்தான் காசு. கூலிக்காரன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

ஆனால் அந்த அட்டவணையை எத்தனை முறை புரட்டினாலும் ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒரு வரி கிடைக்காது. போன விரலுக்கு விலை உண்டு. கட்டுப் போட்ட செலவுக்குக் கிடையாது. டாக்டர் என்ற சொல்லே சட்டத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. முதலாளி தன் செலவில் டாக்டரை வைத்துத் தொழிலாளியைப் பரிசோதிக்கலாம். வர மறுத்தால் நஷ்டஈடு நிற்கும். காயத்தை ஆற்றுவதற்காக அல்ல, காயம் எவ்வளவு என்று பார்ப்பதற்காக. முதலாளி மனமிரங்கி இலவச சிகிச்சை கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்பது இல்லை.

இதன் மூலம் இங்கிலாந்தின் 1897ஆம் ஆண்டுச் சட்டம். அதிலும் மருத்துவச் செலவு கிடையாது. ஆனால் அங்கே 1911இலேயே தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு வந்துவிட்டது. நாம் சட்டத்தை மட்டும் இறக்குமதி செய்தோம், டாக்டரை அங்கேயே விட்டுவிட்டோம். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீடும் 1884இல் விபத்துக் காப்பீடும் கொண்டுவந்தபோதே சிகிச்சையையும் சேர்த்துத்தான் எழுதினார்கள்.

இரு தரப்பும் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்றோ பட்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். நல்ல பாதுகாப்புதான். ஆனால் போதுமா போதாதா என்று அளக்கும் கோல் அதே அட்டவணை.

எண்பதுகளில் எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஆறு பேர் வேலை பார்த்த லேத் பட்டறையில் இரண்டு விரல்களை இழந்தவர். நஷ்டஈடு கைக்கு வருவதற்குள் ஆஸ்பத்திரிக்காக வட்டிக்கு வாங்கிய கடன் அதைவிடப் பெரிதாகிவிட்டது. பணத்தை வாங்கிக் கடன்காரரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சீழ் பிடித்த விரலுக்கு மறுபடி ஆபரேஷன் என்றபோது மனைவியின் தாலிக்கொடி போனது.

அவர் பெரிய ஆலையில் இருந்திருந்தால் கதை வேறு. பேராசிரியர் அடார்கர் 1944இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்தது ஈ.எஸ்.ஐ. 1948இல் சட்டம், 1952 பிப்ரவரி 24இல் கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார், 1955இல் கோவைக்கு வந்தது. அதில் மொத்தமாகத் தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவது இல்லை. சிகிச்சை தனி, ஊனத்துக்கு மாதாமாதம் பணம் தனி. காயத்தின் கணக்கை ஒரே நாளில் முடித்துவிட முடியாது என்று புரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. ஆனால் ஆறு பேர் பட்டறைக்கு அது எட்டவில்லை.

பழைய சட்டத்தில் அந்த ஒரு வரி ஏற 86 ஆண்டுகள் ஆயின. 2009இல் திருத்தம் நிறைவேறி, 2010 ஜனவரி 18 முதல், வேலையில் பட்ட காயத்துக்குத் தொழிலாளி செய்த உண்மையான மருத்துவச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்றானது. அதற்கு உச்சவரம்பு போடவில்லை. கவனியுங்கள், "செய்த" செலவு. பில் இருந்தால் பணம். ஐந்து வருடம் கழித்துத் தேயப்போகும் செயற்கைக் காலுக்கு இன்றைக்கு எங்கே பில் வாங்குவது? சாலை விபத்து வழக்குகளில் வருங்கால சிகிச்சைச் செலவையும் மதிப்பிட்டுத் தீர்ப்பிலேயே சேர்க்கிறார்கள். பிறகு கேட்க வழியில்லை என்று உச்ச நீதிமன்றமே 2002இல் காரணம் சொன்னது. பட்டறையில் கை போனவருக்கும் அதே நியாயம் பொருந்தாதா?

ஈ.எஸ்.ஐ.யில் இருந்தவர்களுக்கு ஒரு தகவல், பலருக்குத் தெரியாது. காயத்தால் நிரந்தர ஊனமாகி வேலையை விட்டவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்கு 120 ரூபாயை முன்கூட்டியே கட்டினால், ஓய்வு வயது வரை தனக்கும் துணைவருக்கும் சிகிச்சை பெறலாம். ஐந்து வருடமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இதே 120 ரூபாய்தான். பழைய அட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுங்கள்.