குறுக்கு வழியில் ஓடிய சேதி

1968இல் ஜெனிவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் ஐ.எஸ்.ஆர். என்ற புரோட்டான் மோதல் வளையங்கள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. எதிரெதிரே வரும் கற்றைகள் நெருக்கமாகத் திரண்டிருந்தால்தான் மோதல் நிறைய நடக்கும். பரவிக் கிடந்தால் துகள்கள் ஒன்றையொன்று தொடாமலே கடந்துவிடும். கற்றையை எப்படிச் சுருக்குவது என்று அங்கே வேலை பார்த்த டச்சுப் பொறியாளர் சைமன் வான் டெர் மீர் யோசித்தார்.

லியூவில் தேற்றம் என்ற இயற்பியல் விதி வழிமறித்தது. காந்தங்களை வைத்துக் கற்றையை ஓரிடத்தில் ஒடுக்கலாம். ஆனால் அந்த அளவுக்குத் துகள்களின் திசை சிதறிப்போகும். மொத்தக் கணக்கில் லாபம் இல்லை.

வான் டெர் மீர் அதில் ஒரு சந்து கண்டார். கற்றை என்பது குடத்துத் தண்ணீர் மாதிரி இல்லை, குவித்த நெல் மாதிரி. மணிகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. எந்த மணி விலகியிருக்கிறது என்று தெரிந்தால் அதை உள்ளே தள்ளி, வெற்றிடத்தை வெளியே ஒதுக்கலாம்.

தெரிந்துகொள்வது எப்படி? வளையத்தின் ஓரிடத்தில் ஓர் உணர்கருவி, கடந்து போகும் சிறு கூட்டத்தின் சராசரி விலகலை அளக்கும். அந்தச் சமிக்ஞையைப் பெருக்கி, வளையத்தின் குறுக்கே கம்பியில் அனுப்புவார்கள். துகள்கள் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓடுகின்றன. ஆனால் அவை சுற்றிப் போக வேண்டும், சேதி நேராகப் போகிறது. அதனால் மறுபக்கம் அதே கூட்டம் வரும் நேரத்துக்குச் சேதியும் வந்துவிடும். அங்குள்ள கருவி மின்புலத்தால் ஒரு தட்டுத் தட்டித் திருத்தும். ஒரு தட்டில் கிடைப்பது மிகக் கொஞ்சம். லட்சக்கணக்கான சுற்றுகளில் துகள்களின் அலைச்சல் அடங்கும். இதற்கு ஸ்டொகாஸ்டிக் கூலிங் என்று பெயர். தாறுமாறான அசைவு குறைவதைத்தான் இங்கே ‘குளிர்வது’ என்கிறார்கள்.

நடைமுறைக்கு எட்டாத யோசனை என்று நினைத்து, வான் டெர் மீர் அதை உடனே வெளியிடவில்லை. 1972இல்தான் அறிக்கையாக எழுதினார்.

1976இல் இயற்பியலாளர் கார்லோ ரூபியாவும் கூட்டாளிகளும் புரோட்டானையும் அதன் எதிர்த்துகளான எதிர்ப்புரோட்டானையும் ஒரே வளையத்தில் மோதவிடலாம் என்றார்கள். செர்னில் அதற்கு 7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எஸ்.பி.எஸ். வளையம் இருந்தது. சிக்கல் எதிர்ப்புரோட்டானில்தான். ஏறக்குறைய 10 லட்சம் புரோட்டான்கள் இலக்கைத் தாக்கினால் ஒன்று தேறும். அதுவும் கண்ட திசையில், கண்ட வேகத்தில் வரும். அவற்றைச் சேர்த்துத் திரட்ட, கிடப்பில் கிடந்த யோசனை கைகொடுத்தது. 1978இல் சோதனை வளையம் ஒன்றில் அது பலித்தது. 1980இல் எதிர்ப்புரோட்டான் சேமிப்பு வளையம் தயார், 1981இல் மோதல்கள், 1983இல் டபிள்யூ, இசட் என்னும் அடிப்படைத் துகள்கள் பிடிபட்டன.

1984இல் இயற்பியல் நோபல் பரிசை ரூபியாவும் வான் டெர் மீரும் பகிர்ந்துகொண்டார்கள். டெல்ஃப்ட்டில் பொறியியல் படித்து, ஃபிலிப்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு செர்னுக்கு வந்தவர் வான் டெர் மீர். இயற்பியலில் அவர் முனைவர் பட்டம்கூட வாங்கியதில்லை.