கால்வாயும் பண்டகசாலையும்: திருவல்லிக்கேணி தரும் பாடம்

திருவல்லிக்கேணியின் பெருமை பேசுவோர் பார்த்தசாரதிப் பெருமாள் திருக்கோயிலையும், வாலாஜா பள்ளிவாசலையும், பாரதியார் வாழ்ந்த இல்லத்தையும் எடுத்துரைப்பது மரபு. நாம் ஈண்டு எடுத்துக்கொள்பவை வேறு இரண்டு. ஒன்று, ஊருக்கும் கடற்கரைக்கும் இடையே ஓடும் பக்கிங்காம் கால்வாய். மற்றொன்று, 1904-ஆம் ஆண்டில் இங்குத் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் பண்டகசாலை. அங்காடிக்கும் மக்கள் நல்வாழ்வுக்கும் உள்ள உறவை இவ்விரண்டும் சொல்வதுபோல் ஏடுகள் பல சொல்வதில்லை.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78-இல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்தால் ஊர் துறந்து வந்த கூலி மக்கள். 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய அப்பெரும் பஞ்சத்தில் மாண்டவர் தொகை ஐம்பது இலட்சத்தையும் கடந்தது என மதிப்பிட்டோர் உளர். மழை பொய்த்தது உண்மையே. ஆயினும் தானியம் முற்றும் இல்லாது போனதன்று. வங்கத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல்களில் வந்த நெல்லும் அரிசியும் சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. அவற்றை வாங்கும் காசுதான் உழைப்பாளியின் மடியில் இல்லை. விளைச்சல் பொய்த்தபோது கூலி வேலையும் உடன் பொய்த்தது, விலையோ ஏறியது. நிலமற்ற கூலிகளும் நெசவாளரும் முதலில் வீழ்ந்தனர். அந்நிலமற்றோருள் நம் முன்னோர் எத்துணைப் பெரும்பகுதியினர் என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சென்னை அரசு தொடக்கத்தில் அர்பத்நாட் நிறுவனத்தின் வாயிலாக 30,000 டன் அரிசியை மறைவாக வாங்கிற்று. வைசிராய் லிட்டனின் அரசு இதனைக் கண்டித்தது. தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது, விலை ஏறினால் வணிகர் தாமே சரக்கைக் கொணர்வர் என்பது அவர்தம் கொள்கை. வணிகர் கொணர்ந்தனர், அதில் ஐயமில்லை. கொணர்ந்த சரக்கு காசுள்ளவனை நோக்கிச் சென்றது. அடுத்து 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார் வந்து, நிவாரண வேலையில் உழைக்கும் ஓர் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என விதித்தார். மண் வெட்டிச் சுமக்கும் உடலுக்கு இது போதாது, ஒன்றரை இராத்தலேனும் வேண்டும் என வாதாடினார் மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ். அவ்வாண்டிலேயே பின்னர்க் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவையே. இன்று அக்கால்வாயின்மேல் பறக்கும் ரயில் ஓடுகிறது. அதன் தூண்கள் ஊன்றிய மண்ணை யார் தோண்டினர் என்று கூறும் கல்வெட்டு ஒன்றையும் நாம் கண்டதில்லை.

இனிப் பண்டகசாலைக்கு வருவோம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-இல் தொழிலாளர் இருபத்தெண்மர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்துச் சிறு கடை திறந்தனர். கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ஓர் உறுப்பினர்க்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப ஆதாயத்தில் பங்கு என்பன அவர்கள் வகுத்த விதிகள். ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கியதைக் கல்விச் சங்கத்தாராகிய நாம் சிறப்பாக நினைதல் தகும். இம்முறையைப் பின்பற்றித் திருவல்லிக்கேணியில் எழுந்த சங்கம் இந்திய நுகர்வோர் கூட்டுறவின் முன்னோடியாகப் போற்றப்படுகிறது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் விளங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் அதன் முன்னோடிகளுள் ஒருவர். விலையை வணிகன் மட்டுமே வகுக்க வேண்டியதில்லை, வாங்குவோரும் கூடி வகுக்கலாம் என்பதை இவ்வூர் மெய்ப்பித்தது. முதல் உலகப் போரின் இறுதியில், 1918 செப்டம்பரில், விலையேற்றம் பொறாத மக்கள் சென்னை நகரின் கடைவீதிகளைச் சூறையாடியதை எண்ணினால் அத்தகைய கடையின் அருமை விளங்கும்.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. கூட்டுறவு, பங்குத் தொகை கட்ட வல்லவரின் கருவி. மாதச் சம்பளம் பெறும் எழுத்தரும் ஆசிரியரும் அதனை எளிதில் கையாண்டனர். அன்றாடங் கூலி வாங்கி, அந்தியில் கால் படி அரிசியும் காலணாப் புளியும் வாங்குவோனுக்கு முதலில் பங்கு கட்டு என்பது வெகு தொலைவிலுள்ள வாயில். நம் மக்களுக்கென 1920-ஐ ஒட்டி அமைந்த தொழிலாளர் துறை, வீட்டுமனை பெறுவதற்காகத் தனியே கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. மனையின் விலையைத் தவணையாகச் செலுத்தி, சொந்தமாக ஒரு துண்டு நிலம் பெற்ற குடும்பங்கள் பல.

காசு கையிலிருந்தும் கடை கிட்டாத நிலையும் உண்டு. அங்காடியைப் பற்றி எழுதும் பொருளியலார் பெரும்பாலும் இதனைத் தொடுவதில்லை. தெருவில் நடக்க உரிமையில்லாதவனுக்குத் தெருக்கோடிக் கடையின் விலை மலிவானாலென்ன, உயர்ந்தாலென்ன? இதனை நன்குணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எச்சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொணர்ந்து நிறைவேற்றினார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் அவரும் இணைந்து அளித்த கோரிக்கையில், கொடுக்கல் வாங்கலை மறுத்தல், கூலிக்கு அமர்த்த மறுத்தல், நிலம் விட மறுத்தல் ஆகிய புறக்கணிப்புகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்றனர். உரிமை கேட்டவனைப் பட்டினியிட்டு அடக்கும் ஆயுதம் அங்காடிக்குள்ளேயே இருந்ததை இருவரும் அறிந்திருந்தனர்.

அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சுட்டியே யாவர்க்கும் திறந்துவிட்டது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், பிறர்க்கு விற்கும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே நிபந்தனையில் பண்டத்தை விற்க மறுப்பதைக் குற்றமாக்கிற்று. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. சட்டத்தின் அச்சொற்களை நம் மாணவர் மனப்பாடம் செய்தல் நலம். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் அவற்றுக்கு இன்றும் வேலையுண்டு.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் தோன்றியது. 1997-இல் நடுவண் அரசு ஏழையர் என வகுத்தோர்க்கு மட்டும் நியாய விலைச் சலுகையைச் சுருக்கியபோது, தமிழ்நாடு அதனை ஏற்காது யாவர்க்கும் உரியதாகவே வைத்துக்கொண்டது. 2011 சூன் முதல் அரிசி அட்டைதாரர்க்கு அரிசி விலையின்றியே கிடைக்கிறது. அரிசியின் தரம் பற்றிய குறைகள் நீங்கவில்லை. ஆயினும் வரிசையில் முன்னே நிற்பவர் யார், பின்னே நிற்பவர் யார் என்பதை அங்கே வந்த நேரம் ஒன்றே முடிவு செய்கிறது. அக்கடைகளுள் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்களே.