வெறும் வயிறு என்னும் விதி

மகாகவி பாரதியின் நாமத்தைத் தாங்கிய எம்.கே.பி. நகரிலிருந்தும், வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர் முதலிய தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகத் தாய்மார் பிள்ளைப்பேற்றுக்கு நாடி வந்த இடங்களுள் முதன்மையானது, 19ஆம் நூற்றாண்டில் ராஜா சர் ராமசாமி முதலியாரின் தர்மத்தால் இராயபுரத்தில் தோன்றி, ஜனங்களின் வாயில் ஆர்.எஸ்.ஆர்.எம். என்றே வழங்கும் பிரசவ ஆஸ்பத்திரியாகும்.

இத்தகைய தாய்மாரிடம் கர்ப்ப காலத்தில் சர்க்கரை நோய் உண்டா என்று காண நெடுங்காலம் இருந்த எளிய உபாயம் சிறுநீர்ச் சோதனை. 5 மில்லி பெனடிக்ட் திரவத்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் கொதிக்க வைத்தால், நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சர்க்கரை மிகுந்திருப்பின் செங்கல் நிறமாகப் படியும். ஆயினும் கர்ப்ப காலத்தில், ரத்தத்தில் சர்க்கரை மிகாதபோதும் சிறுநீரகம் அதைச் சிறிது கசியவிடுமாதலால், அந்நிறத்தை நம்பி முடிவு செய்வதற்கில்லை. 1964இல் பாஸ்டன் நகரத்து ஓ'சல்லிவனும் மாஹனும் வகுத்த ரத்தச் சோதனை நம்பகமானதுதான். ஆனால் அதற்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும், மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், நான்கு முறை ரத்தம் கொடுக்க வேண்டும்.

விடியலில் வீட்டு வேலையை முடித்து, இரண்டு பஸ் மாறி, வரிசையில் நிற்கும் கர்ப்பிணியிடம் பட்டினியாக வா என்று சொல்வது, நடைமுறையில் வராதே என்று சொல்வதற்கு ஒப்பாகும். இதனை உணர்ந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978இல் நீரிழிவுக்கெனத் தனித் துறையை நிறுவிய டாக்டர் வி. சேஷய்யா. உண்டு வந்தாலும் உண்ணாது வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் எடுத்து, 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்ளும் முறையை அவரும் அவர் சகாக்களும் நிலைநாட்டினர். அவர்கள் தமிழகத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில் நகரத்துக் கர்ப்பிணிகளுள் 17.8 சதவீதத்தினருக்கும், கிராமத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் இந்நோய் காணப்பட்டது. தமிழக அரசு கர்ப்பிணிகள் அனைவருக்கும் இச்சோதனையை விதித்தது. 2014இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறியும் இதையே ஏற்றது. ஏழைப் பெண்ணின் பொழுதுக்கு மருத்துவ சாஸ்திரம் இணங்கி வந்த இந்நிகழ்ச்சியை, நம் ஊரின் சரித்திரத்தில் பெருமையோடு எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

சோதனைக்குப் பின் முதல் சிகிச்சை உணவே. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று வீட்டுப் பெரியவர்கள் குவித்து வைக்கும் சோற்றைச் சற்றுக் குறைத்து, கீரையும் சுண்டலும் நெத்திலிக் குழம்பும் கூட்டி, மூன்று வேளை உணவைச் சிறிது சிறிதாகப் பகிர்ந்து உண்ணும்படி சொல்வர். இரண்டு வாரத்தில் அளவு கட்டுப்படாவிடின் மட்டுமே மருந்து. பிரசவித்த ஆறாம் வாரம் மறுபடியும் 75 கிராம் கரைசல் குடித்துச் சோதிக்க வேண்டும் என்பதும் விதியே. குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தவறாது வரும் அதே வாரத்தில், தாய்க்கும் ரத்தம் எடுத்தாக வேண்டும்.