டிசம்பர் 25: ஒரு தேதி, இரண்டு நெருப்பு

ஜவளகிரிப் பக்கம் டீக்கடை, மளிகைக்கடை, சங்க ஆபீஸ் எங்கே போனாலும் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். ராகுகாலம், எமகண்டம், சூலம், நல்ல நேரம் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கும். ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்டு போகிற பையனிலிருந்து ராகி அறுக்கப் போகிற கிழவி வரைக்கும் அந்தத் தாள்தான் நாள் சொல்கிறது. டிசம்பர் 25 வந்தால் எழுத்து சிவப்பாகிவிடும். கிறிஸ்துமஸ், அரசு விடுமுறை. யேசு பிறந்த நாளைக் கொண்டாடுகிறவர்களில் நம்ம சனங்க நிறையப் பேர். அதில் நமக்கு ஒரு குறையுமில்லை. நாம் கேட்பது வேறு: அந்த ஒரு தாளுக்குள் இன்னும் யார் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை?

வரிசையாகச் சொல்லிப் பார்ப்போம். 1861 டிசம்பர் 25இல் மதன்மோகன் மாளவியா பிறந்தார். 1876இல் முகமது அலி ஜின்னா. 1924இல் வாஜ்பாய். 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி இறந்தார். 2014இலிருந்து மத்திய அரசு வாஜ்பாயின் பிறந்த நாளை 'நல்லாட்சி தினம்' என்று கடைப்பிடிக்கிறது. இவ்வளவும் அரசாங்கத்துக்கும் பத்திரிகைகளுக்கும் தெரிந்த கணக்கு. அதே தேதியில் இன்னும் இரண்டு உண்டு. 1927 டிசம்பர் 25 இரவு, மகாராட்டிரத்து மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் கூட்டிய மாநாடு மனுஸ்மிருதியைக் கொளுத்தியது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் 44 தலித்துகள் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

தேதி ஒண்ணா இருக்கிறதால மட்டும் ஒரு அர்த்தமும் வந்துடாது. அப்படி நினைச்சா அது ஜோசியம். நமக்கு ஜாதகம் எழுதியவர்களிடமிருந்து தப்பி வந்தவர்கள் நாம். திரும்பவும் தேதியைக் கும்பிட வேண்டியதில்லை. ஆனால் எந்த நாளை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்று முடிவு செய்வது ஜோசியம் அல்ல, அதிகாரம். அந்த அதிகாரத்தை நாமும் எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றில்லாமல் இன்னொன்று விளங்காது.

*

முதலில் நம்ம மண்ணிலிருந்தே ஆரம்பிப்போம். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம், தப்பில்லை. கூடவே இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1938இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தபோது, அரசின் தலைவராக இருந்த ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை, மசோதா தோற்றது. 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பேர் வாங்கிய அந்தத் திட்டம் கிளப்பிய எதிர்ப்பில் 1954இல் அவர் பதவியை விட்டே போக வேண்டியதாயிற்று. அப்பன் தொழிலைப் பிள்ளை செய்யணும் என்பது அவர் கண்டுபிடித்தது அல்ல. அது ஒரு பழைய புத்தகத்தின் சட்டம். அந்தப் புத்தகத்தைத்தான் அதற்கு 26 வருசம் முன்பே மகத்தில் எரித்தார்கள்.

மகத்தில் நடந்தது என்ன? 1923இல் பம்பாய் சட்டமன்றம், பொதுப் பணத்தில் நடக்கும் குளம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் தீண்டப்படாதவர்களும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதியது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனால் ஒரு ஆள் போய்த் தண்ணி மொள்ள முடியவில்லை. மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், மகார் குடிக்கக் கூடாது. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் முன்னால் நடக்க, ஆயிரக்கணக்கானவர்கள் பின்னால் போய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். உடனே சாதி இந்துக்கள் தடியோடு வந்து அடித்தார்கள். பிறகு சாணியும் கோமியமும் கலந்து ஊற்றி, மந்திரம் சொல்லிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

அதே வருசம் டிசம்பரில் இரண்டாவது மாநாடு. இடம் கொடுக்க யாரும் முன்வராதபோது ஃபத்தேகான் என்ற முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். அம்பேத்கர் பம்பாயிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். அதற்குள் எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்குப் போய், குளம் தங்கள் சொத்து என்று சொல்லித் தடையாணை வாங்கி வைத்திருந்தது. 25ஆம் தேதி மாநாட்டில் பேசிய அம்பேத்கர் அதை 1789இன் பிரெஞ்சு தேசிய சபையோடு ஒப்பிட்டார். தண்ணி குடிக்க மட்டும் நாம் இங்கே கூடவில்லை, எல்லாரும் சமம் என்ற நெறியை நிலைநாட்டக் கூடியிருக்கிறோம் என்பது அவர் பேச்சின் சாரம். அன்று இரவு மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே. பிறப்பால் பார்ப்பனர். குழி வெட்டி, சந்தனக்கட்டை அடுக்கி, புத்தகத்தை வைத்துக் கொளுத்தினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்னைக்கு ஒரு மனுசன் மேலயும் சூடு படலை. ஒரு வீடு எரியலை. அடி வாங்கிய சனங்கள், கூட்டமாய் இருந்தபோதும், எரித்தது காகிதத்தை. சேரி ஊருக்கு வெளியே இருக்கணும், செத்தவன் துணியை உடுத்தணும், நாயும் கழுதையும்தான் அவன் சொத்து, சூத்திரன் கையில் பணம் சேரக் கூடாது என்றெல்லாம் சொன்ன சட்டத்தை எரித்தார்கள். பெண்ணுக்கு எந்த வயசிலும் தனிவாழ்வு கிடையாது என்று சொன்னதும் அதே சட்டம்தான். அதனால்தான் மகாராட்டிரத் தலித் பெண்கள் 1996இலிருந்து டிசம்பர் 25ஐப் பெண் விடுதலை நாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள்.

*

புத்தகம் எரிந்தது. சட்டம் எரிந்ததா? அதற்கு 41 வருசம் கழித்து வெண்மணி பதில் சொன்னது.

1960களில் பசுமைப் புரட்சி வந்து தஞ்சையில் விளைச்சல் ஏறியது. விளைச்சல் ஏறின அளவுக்குக் கூலி ஏறவில்லை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் விவசாயத் தொழிலாளர்கள். கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தார்கள், சேரியில் கொடி ஏற்றினார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, கொடியை இறக்கு, எங்க சங்கத்துக்கு வா, அபராதம் கட்டு என்று நெருக்கினார்கள். அதன் தலைவர் இருஞ்சியூர் கோபாலகிருஷ்ண நாயுடு. வெண்மணி மசியவில்லை. அரைப்படிக்காக மட்டும் இவ்வளவு வன்மம் வருமா? கையைக் கட்டி நின்றவன் கொடி பிடித்து நிமிர்ந்ததுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

டிசம்பர் 25 இரவு அடியாட்களோடு துப்பாக்கியும் வந்தது. அந்த இரவின் மோதலில் மிராசுதார் தரப்பு ஆள் பக்கிரிசாமி என்பவர் இறந்தார். சுடச்சுட ஆண்கள் சிதறி ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் கிழடுகளும் இராமையாவின் சின்னக் குடிசைக்குள் புகுந்துகொண்டார்கள். கதவை அடைத்து வெளியிலிருந்து தீ வைத்தார்கள். போலீஸ் வந்தது எல்லாம் எரிந்து அடங்கிய பிறகு. எண்ணி எடுத்தது 44 பேர்.

முதலமைச்சராக இருந்தவர் அண்ணா. அமைச்சர்களை அனுப்பினார். கணபதியா பிள்ளை தலைமையில் கமிஷன் போட்டார்கள். 1969இல் கூலிச் சட்டம் வந்தது. சட்டம் வருவதற்கு முன்னால் 44 உயிர் தேவைப்பட்டது.

வழக்கு நாகப்பட்டினத்தில் நடந்தது. 23 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். கீழ்க்கோர்ட்டு நாயுடு உட்பட 8 பேருக்குப் பத்து வருசம் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணம் நம்ம எல்லாருக்கும் மனப்பாடமாக வேண்டியது. இவர்கள் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், ஒருவர் சொந்தமாகக் கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்ட கனவான்கள் ஆளை ஏவாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதன் சாரம். அதே இரவில் நடந்த பக்கிரிசாமி கொலைக்கு மட்டும் சேரி ஆட்கள் தண்டனை அனுபவித்தார்கள்.

மனுவின் சட்டம் என்ன? குற்றத்தைப் பார்க்காதே, செய்தவன் யாரென்று பார். மேலே இருப்பவனுக்கு ஒரு தண்டனை, கீழே இருப்பவனுக்கு வேறு தண்டனை. 1950இலிருந்து அரசியல் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதை வரைந்த குழுவுக்குத் தலைவர், மகத்தில் அந்தப் புத்தகத்தை எரித்த மாநாட்டின் தலைவர். இருந்தும் 23 வருசம் கழித்து ஒரு தீர்ப்பில் கார் சாட்சி சொல்கிறது, எரிந்த 44 உடம்பு சொன்ன சாட்சி எடுபடவில்லை. எரிந்தது அச்சடித்த பிரதி. மூளைக்குள் இருந்த பிரதி பத்திரமாக இருந்தது.

இதே இடத்தில் இன்னொரு தீர்ப்பையும் வைக்க வேண்டும். சவுதார் குளத்து வழக்கில் 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு வாய்த் தண்ணிக்குப் பத்து வருசம் வழக்கு. அதனால் கோர்ட்டு என்றாலே ஒரே மாதிரி என்று சொல்லிக் கையை விரிக்கிறவர்கள் கூட்டத்தில் நாம் சேர வேண்டியதில்லை. அம்பேத்கர் அந்தப் பத்து வருசமும் வழக்கை விடவில்லை என்பதுதான் விசயம்.

*

வெண்மணியைப் பற்றி நமக்குள்ளேயே ஒரு வழக்கு நீண்ட காலமாக ஓடுகிறது. செத்தவர்கள் விவசாயக் கூலிகளா, தலித்துகளா? தளித் தொகுதியில் கம்யூனிஸ்டுகள் பலமுறை ஜெயித்தவர்கள்; ஆகவே இந்தக் கேள்வி நம்ம பக்கத்துத் தோழர்களுக்கும் உண்டு. வெண்மணியில் சங்கம் கட்டியது, கொடி கொடுத்தது, வருசா வருசம் அஞ்சலி செலுத்துவது எல்லாம் செங்கொடி இயக்கம். அதை மறைக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் கூலி கேட்டவர்களில் எரிந்த 44 பேரும் சேரியாக இருந்தது தற்செயல் அல்ல. கூலிக்குச் சண்டை நடந்த ஊர் உலகத்தில் எத்தனையோ உண்டு. பொண்டு பிள்ளையைக் குடிசையோடு கொளுத்துகிற துணிச்சல் வர்க்கத்திலிருந்து மட்டும் வராது. இவங்க மனுசங்களே இல்லை என்று ஒரு புத்தகம் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்க வேண்டும். மகத்தோடு சேர்த்துப் படித்தால் இந்த வழக்கு சுலபமாக முடியும். அரைப்படியும் உண்மை, சேரியும் உண்மை.

தஞ்சாவூர் எங்கேயோ இருக்கு, இங்க ஆயிரம் ஏக்கர் மிராசு கிடையாது, மானாவாரி ராகிதானே என்று சிலர் சொல்லலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2000 மார்ச் 11ஆம் தேதி, அப்போது கோலார் மாவட்டத்தில் இருந்த கம்பாலப்பள்ளியில் 7 தலித்துகளை உயிரோடு எரித்தார்கள். சாட்சிகள் பிறழ்ந்து, 2006இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை. இந்தப் பக்கம், 2004 வரை நாமும் சேர்ந்திருந்த தர்மபுரி மாவட்டத்தில், 2012 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250 வீட்டுக்கு மேல் கொளுத்தினார்கள். காரணம் சாதி தாண்டிய ஒரு கல்யாணம். கொளுத்தியதெல்லாம் மண்குடிசை அல்ல. பெங்களூரிலும் மற்ற ஊர்களிலும் உழைத்த காசில் கட்டின ஒட்டு வீடு, மச்சு வீடு, டிவி, பீரோ, பைக். சேரியில் பணம் சேரக் கூடாது என்ற அதே சட்டம்தான் அங்கேயும் தீப்பெட்டி எடுத்தது. நவம்பர் 7 ருசியப் புரட்சி நாள். 1900இல் சிறுவன் அம்பேத்கர் சதாராவில் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் ஒரு நவம்பர் 7. மகாராட்டிரத்தில் அது மாணவர் தினம்.

அதே பழைய தர்மபுரியில் வேறு மாதிரியும் ஒரு தேதி உண்டு. 1992 ஜூன் 20ஆம் தேதி வாச்சாத்தி மலைவாழ் மக்களின் ஊருக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்து அடித்தார்கள், சூறையாடினார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். அந்தச் சனங்களும் அவர்களோடு நின்ற மலைவாழ் மக்கள் சங்கமும் விடவில்லை. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது; அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மேல்முறையீடு போனது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்த தேதியும் செப்டம்பர் 29. வெண்மணிக்கும் வாச்சாத்திக்கும் நடுவில் நீதிபதிகளின் மனசு தானாக மாறிவிடவில்லை. எழுத்தறியாத பெண்கள் கோர்ட்டுக் கூண்டில் ஏறி, அதிகாரியைக் கைகாட்டி, இவன்தான் என்று சொன்னார்கள். பத்தொன்பது வருசம் சொன்னதை மாற்றாமல் சொன்னார்கள்.

*

ஆகவே டிசம்பர் 25ஐ என்ன செய்வது? வெண்மணியை மட்டும் சொன்னால் அது அழுகை நாளாகிப் போகும். நம்ம பிள்ளைகள் நம்மை எரிக்கப்பட்டவர்களாக மட்டுமே பார்த்து வளரும். மகத்தை மட்டும் சொன்னால் அது மாலை போடுகிற ஜெயந்தியாகிப் போகும். எரித்தாச்சு, முடிஞ்சது என்று நினைப்பார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மிச்சமிருக்கிற வேலை தெரியும்.

இன்னொன்று. நாளை நாம் எழுதி வைக்காவிட்டால் அடுத்தவன் எழுதிவிடுவான். டிசம்பர் 6 அம்பேத்கரின் நினைவு நாள். 1992இல் அந்தத் தேதியைத் தேர்ந்து பாபர் மசூதியை இடித்தார்கள். அதிலிருந்து அன்றைக்குப் பேருந்து நிலையத்தில் பை சோதிக்கிற போலீஸைத்தான் சனங்களுக்கு ஞாபகம் வருகிறது. ஒரு நினைவு நாள் நம்ம கண்முன்னே கைமாறிப் போச்சு.

பெரிய தேதிகள் போதாது. ஒவ்வொரு காலனியிலும் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். முதல்முதலாக எந்த வருசம் செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடந்தோம்? பொதுக் குழாயில் குடம் வைத்தது யார், அடி விழுந்ததா? முதலில் பத்தாவது பாஸ் பண்ணின பொண்ணு யார்? சாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம் என்று எந்தச் சாவில் சொன்னோம்? கன்னடத்திலோ தெலுங்கிலோ தமிழிலோ, எந்த பாஷையில் சொன்னாலும் ஊரோடு, வருசத்தோடு எழுதி வையுங்கள். தேதி தெரியாவிட்டால் ராகி அறுப்பு மாசமா, யானை இறங்கின மாசமா என்று கேட்டுக் கண்டுபிடியுங்கள்.

வருகிற டிசம்பர் 25 சாயங்காலம், சர்ச்சுக்குப் போகிறவர்கள் போய்விட்டு வரட்டும். பிறகு எல்லாரும் ஓரிடத்தில் கூடுங்கள். முதலில் மகத் மாநாட்டின் கதையை ஒரு பெண் சொல்லட்டும். அதன் பிறகு வெண்மணியில் எரிந்தவர்களின் 44 பேர்களையும், ஒன்றுகூட விடாமல், வயசோடு ஒரு பிள்ளை வாசிக்கட்டும்.