ஹாண்டிலின் உதையும் செல்ஃப் மோட்டாரின் முறிவும்

மோட்டார் வண்டியின் யந்திரத்தை முற்றிலும் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் வளையங்களும் இட்டுப் பூட்டிய பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக யந்திரத்தைக் கிளப்பும் ஸ்டார்ட்டராகிய செல்ஃப் மோட்டார்கள் இரண்டு மூன்று பழுதாகிப்போவது பட்டறைகளில் அபூர்வமான சம்பவம் அன்று. அப்போதெல்லாம் மோட்டாரையே குற்றவாளியாக்கி, அதைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றை வாங்கி மாட்டுகிறார்கள். இந்தச் சாதனம் எந்தக் காரணம் பற்றித் தோன்றிற்று, யார் பட்ட அடியைத் தான் வாங்கிக்கொள்ள வந்தது என்ற சரித்திரத்தை அறிந்தவர்கள் அவ்வளவு அவசரப்படமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பெட்ரோல் யந்திரம் தானாகப் புறப்படும் இயல்புடையதன்று. வெளியிலிருந்து ஒரு சக்தி அதைச் சுழற்றி, காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை உள்ளிழுக்கச் செய்து, அதை அழுத்தி, தீப்பொறி எழும் கணம் வரையில் கொண்டுபோய் விட்டாலொழிய அது உயிர்பெறுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வெளிச்சக்தி மனிதனுடைய கைதான். வண்டியின் முகப்பில் ஹாண்டிலைச் செருகிச் சுழற்றும்போது, பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு வெகு முன்னதாகவே பொறி எழுந்துவிட்டால், எரிந்த வாயு பிஸ்டனை வந்த வழியே திருப்பித் தள்ளும். ஹாண்டில் எதிர்த்திசையில் உதைத்துப் பிடித்தவனின் மணிக்கட்டை முறித்துவிடும். ஆகவே, ஸ்டியரிங்கின் அருகில் இருந்த நெம்புகோலால் பொறியின் நேரத்தைப் பின்தள்ளிய பிறகே ஹாண்டிலைத் தொட வேண்டும், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும், கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்றெல்லாம் அக்கால ஓட்டுநர்களுக்கு நியமங்கள் இருந்தன. நியமங்கள் இருந்தும் கைகள் முறிந்துகொண்டேதான் இருந்தன.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒட்டிய பெல் ஐல் தீவில், நின்றுபோன வண்டியோடு தவித்த ஒரு பெண்மணிக்கு உதவப்போன பைரன் கார்ட்டர் என்ற மோட்டார் தொழிலதிபர், ஹாண்டில் திருப்பி உதைத்ததில் தாடை முறிந்து, அதன் விளைவாகவே காலமானார் என்று சொல்லப்படுகிறது. அவருடைய நண்பரும் காடிலாக் நிறுவனத்தின் தலைவருமான ஹென்றி லேலண்டு, ஹாண்டிலையே ஒழித்துவிட வேண்டும் என்று உறுதிகொண்டதற்கு இந்தத் துக்கமே காரணம் என்பர். அந்தப் பொறுப்பை ஏற்றவர் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் இருந்த சார்லஸ் கெட்டரிங்.

கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி யந்திரத்துக்கு மின்சார மோட்டார் அமைத்தவர். ஓயாமல் ஓட வேண்டிய மோட்டார்தான் பெரிதாக இருக்க வேண்டும். சில விநாடிகள் மாத்திரம் பாடுபட்டுவிட்டு ஓய்ந்துவிடும் மோட்டாருக்கு அதன் அளவுக்கு மீறிய சுமையைத் தரலாம் என்பதை அந்த வேலையிலேயே அவர் கண்டிருந்தார். பெரிய மோட்டாரும் அதற்கேற்ற பிரம்மாண்டமான பாட்டரியும் இல்லாமல் காரியம் நடவாது என்று நிபுணர்கள் சாதித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டு 1911ஆம் ஆண்டில் அவர் தமது ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டிகளில் அது இடம்பெற்றது. ஃபோர்டின் மாடல் டி வண்டிக்கு 1919இல்தான் அந்தப் பாக்கியம் கிட்டியது. வின்சென்ட் பெண்டிக்ஸ் அமைத்த முறை பின்னர் உலகெங்கும் பரவியது: மோட்டார் சுழலத் தொடங்கியதும், மரையிட்ட தண்டின்மீது பினியன் என்ற சிறு பற்சக்கரம் நகர்ந்து ஃபிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரின் பற்களைக் கவ்வும், யந்திரம் ஓடத் தொடங்கியதும் தானே விலகிக்கொள்ளும், கவ்வும்போது உண்டாகும் அதிர்ச்சியை ஒரு கனத்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும்.

ஹாண்டில் மறைந்தது, உதை மறையவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மனிதனின் மணிக்கட்டுக்கு விழுந்த அடி, அந்த முறை கொண்ட வண்டிகளில் பெண்டிக்ஸ் ஸ்பிரிங்கின்மீதும், மோட்டாரின் முன்மூக்கின்மீதும், ரிங் கியரின் பற்களின்மீதும் விழுகிறது. புதிதாகப் பூட்டிய யந்திரத்தில் பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலோ, பொறி எழும் நேரமாகிய டைமிங்கை அளவுக்கு மீறி முன்னேற்றி வைத்துவிட்டாலோ, பழைய தேய்ந்த சிலிண்டர்களில் இல்லாத அழுத்தம் இப்போது கூடியிருப்பதால், அந்த உதை முன்னிலும் கடுமையாகவே இருக்கும். சுழலும்போதே யாரோ தடுத்து நிறுத்தியது போல யந்திரம் வெட்டி நிற்குமானால், மோட்டாரைச் சந்தேகிக்க நியாயமே இல்லை.

இரண்டாவது காரணம் எர்த். யந்திரம் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிச்செல்ல, யந்திரத்தையும் வண்டியின் உடலையும் இணைக்கும் ஒரு பட்டையே வழி. பிரித்துப் பூட்டும் பரபரப்பில் அதை மறந்துவிடுவதும், அது உட்காரும் இடத்தில் புது வர்ணத்தைப் பூசிவிடுவதும் சாதாரணமாக நிகழ்கிற பிழைகள். அப்போது மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் சோக் கேபிள் வழியாகவும் பாய்ந்து அவற்றைச் சுடவைக்கும். செல்ஃப் அடிக்கும்போது பாட்டரியின் எர்த் முனைக்கும் யந்திரத்தின் உடலுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழி கெட்டிருக்கிறது என்று அறியலாம். வோல்ட் குறைந்த மோட்டார், இன்னும் இறுக்கம் தளராத புது யந்திரத்தை மெதுவாகவே சுழற்றும். அதனால் நெடுநேரம் அடிக்க நேர்ந்து, ஆர்மேச்சர் சூடேறி ஈயப்பற்று உருகிச் சிதறும். மெதுவாகச் சுழலும் யந்திரத்திலேயே முந்திய பொறியின் உதை பலமாக இருக்கும் என்பதால், இவ்விரண்டு குறைகளும் ஒன்றையொன்று வளர்த்துவிடுகின்றன.

ரிங் கியரையும் சொல்லாமல் விடக்கூடாது. நான்கு சிலிண்டர் யந்திரம் அணைக்கப்படும்போது, அழுத்தத்தின் எதிர்ப்பால் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களிலேயே வந்து நிற்கும்; ஆகையால் பினியன் எப்போதும் அந்தப் பற்களையே கவ்வி அவற்றைத் தேய்த்துவிடுகிறது. கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே ரிங் கியரைச் சூடாக்கிக் கழற்றி, கால் வட்டம் திருப்பிப் பூட்டுவது பழைய மெக்கானிக்குகள் கையாண்ட நல்ல முறை. அந்தச் சமயத்தை விட்டுவிட்டால் பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

எனவே, மூன்றாவது செல்ஃப் மோட்டாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பாக, டைமிங்கையும் எர்த் பட்டையையும் ரிங் கியரின் பற்களையும் ஒருமுறை சோதித்துப் பார்க்குமாறு வண்டிக்காரர்களையும் மெக்கானிக்குகளையும் கேட்டுக்கொள்கிறேன்.