எலதெத்தவில் ஒரு குடிசை

இலங்கை வரலாற்றைப் பாடசாலையில் படித்த எவருக்கும் றொபேட் நொக்ஸின் பெயர் புதிதல்ல. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அங்கே 1660 இல் கப்பலின் தலைவரும் அவருடைய மகனும் மாலுமிகளுமாகப் பதினாறு பேர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். அவர்கள் பிடிபட்ட இடமெனக் காட்டப்படும் மூதூர்ப் புளியமரத்தடியில் பிற்காலத்தில் ஒரு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவரே நமது நொக்ஸ்.

அவருடைய நூல் 1681 இல் இலண்டனில் அச்சேறியது. மன்னனின் குணம், நாட்டின் நிர்வாகம், யானை பிடிக்கும் முறை என்று பலவற்றுக்கு நமது ஆய்வாளர்கள் அந்நூலை மேற்கோள் காட்டியுள்ளனர். அதற்குள் வேறொரு கதையும் இருக்கிறது. ஒரு மனிதன் அந்நியக் கிராமங்களில் மீண்டும் மீண்டும் குடிசை கட்டி, அதில் சுகமாக வாழக் கற்றுக்கொண்டு, இறுதியில் அந்தச் சுகத்தை விட்டுவிட்டு இரவோடிரவாக நடந்துபோன கதை அது. நாட்டுப்புற வாழ்வின் எளிய இன்பங்களைப் பற்றி நகரத்திலிருந்துகொண்டு நாம் பேசும்போதெல்லாம் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

கண்டி நாட்டு வீடு எப்படியிருந்தது என்பதை நொக்ஸ் விரிவாகவே சொல்கிறார். சிறிய, தாழ்ந்த, ஓலையோ வைக்கோலோ வேய்ந்த கூரை. கம்பு நட்டு மண் அப்பி வழவழப்பாக மெழுகிய சுவர். ஓர் ஆணிகூட இல்லை. பிரம்பாலும் காட்டுக் கொடியாலும் எல்லாமே கட்டப்பட்டிருக்கும். தச்சனைக் கூப்பிடும் வழக்கம் பிரபுக்களிடம் மட்டுமே. மற்றவர்கள் தத்தம் வீட்டைத் தாமே கட்டிக்கொண்டார்கள். வெப்பமான நாடு என்பதால் சிலர் சுவருக்கு மண் பூசவும் மெனக்கெடுவதில்லை. இலை தழையோடு கொப்புகளை நட்டுவிட்டு இருந்துவிடுவார்கள். வீட்டுக்குள்ளே பாய், சாய்மனை இல்லாத ஓரிரண்டு முக்காலிகள், நெல் போடக் கூடைகள், உரல் உலக்கை, அம்மி, தேங்காய் துருவும் கருவி, சில மண்சட்டிகள். சோற்றுடன் உப்பும் கொஞ்சம் இலைக்கறியும் எலுமிச்சம் புளியும் இருந்தால் அது நல்ல சாப்பாடு. நமது கிழக்கின் பழைய மண்வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியலில் எதுவுமே அந்நியமாகத் தெரியாது.

ஆனால் இந்த எளிமைக்குள் ஓர் அரச கட்டளையும் இருந்தது. குடிமக்கள் மாடி கட்டக்கூடாது, ஓடு வேயக்கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசக்கூடாது. சாய்மனையுள்ள ஆசனம் மன்னனுக்கு மட்டுமே உரியது. கூரை தாழ்ந்திருந்ததற்கு வறுமையைப் போலவே பணிவும் காரணம். நொக்ஸின் தாய்நாட்டிலும் குடிசையின் மேல் சட்டத்தின் கண் இருந்தது. நான்கு ஏக்கர் நிலம் சேராத குடிசையை எவரும் புதிதாகக் கட்டக்கூடாது என்று இங்கிலாந்தில் 1589 இல் ஒரு சட்டம் வந்தது. 1775 இல்தான் அது நீக்கப்பட்டது. 1662 முதல் அடுப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு சிலிங் வரியும் விதிக்கப்பட்டது. குடிசையை அழகென்று பார்க்கும் பார்வையெல்லாம் பின்னால் வந்தது. அது பெரும்பாலும் மாளிகைவாசிகளின் பார்வை. பிரான்சின் அரசி மரீ அந்துவானெத் 1783 அளவில் வெர்சாய் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே ஒரு பொய்க் கிராமத்தைக் கட்டுவிக்கத் தொடங்கியது அதன் உச்சம்.

நொக்ஸின் முதலாவது வீடு பண்டார கொஸ்வத்தையில் இருந்தது. அங்கேதான் தகப்பனும் மகனும் காய்ச்சலில் கிடந்தார்கள். 1661 பெப்ரவரியில் தகப்பன் இறந்தார். ஒரு வேலைக்காரப் பையனின் துணையோடு மகனே குழி தோண்டி அடக்கினார். பிறகு அந்த இளைஞர் ஒரு தென்னந்தோட்டத்தில் வீடு கட்டினார். அயலவர்கள் உதவினார்கள். கட்டி முடித்ததும் தன் ஊர் வழக்கப்படி சுவருக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டார். அது அரசனுக்கும் கோவிலுக்கும் மட்டுமே உரியது என்பது அவருக்குத் தெரியாது. உள்ளூர்க்காரன் செய்திருந்தால் பெரிய தண்டனை கிடைத்திருக்கும். அறியாத அந்நியன் என்பதால் விட்டுவிட்டார்கள். வீட்டோடு கோழியும் பன்றியும் வளர்த்தார், அவை பெருகின. அந்தத் திசையில் ஒல்லாந்தர் முன்னேறி வந்தபோது, கைதிகளை உடனே வேறிடத்துக்குக் கொண்டுபோகும்படி கட்டளை வந்தது. கட்டிய வீடும் வளர்த்த பிராணிகளும் அங்கேயே நின்றுவிட்டன. வெள்ளைச் சுவர் அவருக்குச் சொந்தம். அதற்குள் இருப்பதா வெளியேறுவதா என்ற முடிவு வேறொருவருக்குச் சொந்தம்.

பின்னர் ஒரு மலையுச்சிக் கிராமமான லெகுந்தெனியவில் சில காலம். அதன்பின் உடுநுவரையிலுள்ள எலதெத்தவில் ஒரு துண்டுக் காணி விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டார். அப்பகுதி அதிகாரியிடம் சொல்லி அனுமதி பெற்று, இருபத்தைந்து லாரின் வெள்ளி கொடுத்து அதனை வாங்கினார். வேறு மூன்று ஆங்கிலேயரும் சேர்ந்து வீடு கட்டினார்கள். காலப்போக்கில் இருவர் பிரிந்துபோக, நொக்ஸும் ஸ்டீவன் றட்லண்டும் மட்டும் அங்கே எஞ்சினர்.

நூலில் மனம் சற்று இளகித் தெரியும் இடங்களில் எலதெத்தவும் ஒன்று. தென்னை நிற்கும் வளவு, ஆடு, கோழி, கைநிறைய வேலை. தொப்பி பின்னி விற்றார்கள். தொப்பி வியாபாரம் மந்தமானதும் நெல்லைக் கடன் கொடுத்து, ஆண்டு முடிவில் ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்கினார்கள். நம் வாசகர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். வட்டியின் கசப்பு நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குடிசைவாசி என்றால் களங்கமற்றவன் என்று எழுதுவது நம்மில் பலருக்குப் பழகிப்போன வழக்கம். நொக்ஸ் தன்னை அப்படி எழுதிக்கொள்ளவில்லை என்பதே அவர் நூலின் பலம்.

அதே கண்டி நாட்டில் நம் முன்னோர்களும் குடிசை கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1626 அளவில் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களுள் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி. மலைநாட்டில் தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டி உப்பும் கருவாடும் புடைவையும் கொண்டுபோனவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். கண்டி நகரில் இருந்த முஸ்லிம்களின் பள்ளியொன்றின் பராமரிப்புக்காக நாட்டின் காணிக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பணம் கொடுக்கும் வழக்கத்தை நொக்ஸே குறிப்பிடுகிறார். எலதெத்த இருக்கும் உடுநுவரையில் இன்றும் முஸ்லிம் கிராமங்கள் பல உள்ளன. துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு ஒரு கூரை கிடைத்ததும், அந்தக் கூரைக்குக் கீழே அவர்கள் வேரூன்றியதும் நமது வரலாற்றின் பெரும்பகுதி.

கிழக்கில் அந்த வேர் வயலில் இறங்கியது. விதைப்புக் காலத்திலும் காவல் காலத்திலும் அறுவடையிலும் போடியாரும் வேலையாட்களும் வயல்வாடியில் தங்குவார்கள். கிடுகுக் கூரை, மண்தரை, மூன்று கல் அடுப்பு, வாய்க்காலில் பிடித்த மீன், புத்தரிசிச் சோறு, இரவில் பன்றி விரட்டும் கூக்குரல். வாடி வாழ்வை நம் முதியவர்கள் ஆசையோடு நினைவுகூர்வதற்குக் காரணம் அந்த உணவும் காற்றும் மட்டுமென்று நான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஊருக்கு வரலாம், திரும்பிப் போகலாம் என்பதும் ஒரு காரணம். 1990களில் யுத்தம் அந்தப் பாதைகளை மறித்தபோது பலருக்கு வயலும் போனது, வாடியும் போனது.

எளிய வீட்டின் மேன்மை நமக்குப் புதிய பாடமல்ல. மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் மனைவியர் வாழ்ந்த அறைகள் சுடாத மண்கல்லாலும் பேரீச்சை மட்டையாலும் ஆனவை. சிறுவனாக இருந்தபோது அவற்றின் கூரையைக் கையால் தொட்டதாக ஹஸன் அல் பஸரி (ரஹ்) சொன்ன செய்தி உண்டு. ஹிஜ்ரி 88 இல் கலீபா வலீதின் கட்டளைப்படி பள்ளிவாசலை விரிவாக்க அந்த அறைகள் இடிக்கப்பட்டபோது மதீனாவாசிகள் அழுதார்கள். அவற்றை அப்படியே விட்டிருந்தால், உலகத்தின் பொக்கிஷங்கள் கைக்கெட்டியும் நபியவர்கள் எதனோடு திருப்தியடைந்தார்கள் என்பதைப் பின்வருவோர் கண்டிருப்பார்களே என்று ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) வருந்தியதாக அறிவிக்கப்படுகிறது. அந்த எளிமை எந்த மன்னனும் விதித்ததல்ல, விரும்பித் தேர்ந்தெடுத்தது. கண்டியின் தாழ்ந்த கூரைக்கும் மதீனாவின் தாழ்ந்த கூரைக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இருந்திராது. அர்த்தத்தில் இருந்தது. ஸூறத்துந் நஹ்லில் வீடு ஓர் அருட்கொடையாகச் சொல்லப்படும் இடத்தில் வரும் 'ஸகன்' என்ற சொல், மனம் அமைதியுற்றுத் தங்கும் இடத்தைக் குறிப்பது. கூரை மட்டும் அதைத் தந்துவிடாது.

நொக்ஸுக்கு எலதெத்த அதைத் தரவில்லை. ஊர் மதித்தது, வயிறு நிறைந்தது, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்தது. ஆயினும் அரண்மனை அழைப்பு எந்நேரமும் வரலாம். மன்னனின் சேவைக்குப் போன ஆங்கிலேயர் சிலருக்கு நேர்ந்த கதியை அவர் அறிந்திருந்தார். அவரும் றட்லண்டும் சில்லறைச் சாமான்களைத் தோளில் சுமந்து வடக்குப் பக்கம் வியாபாரத்துக்குப் போய்வரத் தொடங்கினார்கள். வெளிப்பார்வைக்கு அது பிழைப்பு. உள்ளுக்குள் வழி பார்க்கும் வேலை. பல வருட முயற்சிக்குப் பின் 1679 செப்டெம்பர் 22 ஆம் திகதி எலதெத்த வீட்டை விட்டுப் புறப்பட்டனர். அனுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோரமாகக் காட்டுக்குள் நடந்து, ஒக்டோபர் 18 ஆம் திகதி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். ஏறத்தாழப் பத்தொன்பதரை ஆண்டுச் சிறைவாசம் முசலிக் கரையில் முடிந்தது.

அதே கரையோரத்தில், அதே ஒக்டோபர் மாதத்தில், 311 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நடை தொடங்கியது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை முழுமையாக வெளியேற்றினர். எழுபத்தையாயிரம் பேரளவில் வீடிழந்தனர். மன்னாரின் மக்கள் கடல்வழியாகவும் காட்டுவழியாகவும் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்ததும் குடிசைதான். கிடுகுக் கூரை, கிடுகுச் சுவர், மண்தரை. நொக்ஸின் பட்டியலிலிருந்த பாயும் சட்டியும் அடுப்பும் அங்கேயும் இருந்தன. அந்தக் குடிசைகளில் பிள்ளைகள் பிறந்தார்கள், கல்யாணங்கள் நடந்தன, மையித்துகள் எடுக்கப்பட்டன. ஒருவரும் அதை நாட்டுப்புற வாழ்வின் எளிய இன்பமென்று எழுதவில்லை, எழுதவும் முடியாது.

2009 இல் யுத்தம் முடிந்தபின் திரும்பிப் போனவர்களைக் காடு வரவேற்றது. கிணறுகள் தூர்ந்திருந்தன, வளவுகளில் மரங்கள் முதிர்ந்திருந்தன. மரிச்சுக்கட்டிப் பக்கத்தில் 2012 இலும் 2017 இலும் வந்த வன ஒதுக்கீட்டு அறிவித்தல்கள், ஊர் எது காடு எது என்ற புதிய வழக்கையும் கிளப்பின. காட்டைக் காப்பது அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இருபது வருடம் ஆளில்லாமல் போனதால் வளர்ந்த காட்டுக்கும், ஆளை ஏன் இல்லாமலாக்கினார்கள் என்ற கேள்விக்கும் இடையே உள்ள உறவை ஒரு வரைபடம் காட்டாது.

நொக்ஸ் தென்னையும் ஆடும் நிறைந்த வளவை விட்டு முசலிக் கரையை நோக்கி நடந்தார். எம்மவர்கள் முசலியின் வளவுகளை விட்டு அதே கரையிலிருந்து எதிர்த்திசையில் நடந்தார்கள். அவருக்கு இருந்த இடத்தை விட்டுப் போக உரிமையில்லை. இவர்களுக்கு இருந்த இடத்தில் இருக்க உரிமையில்லை. மழை கூரையில் பெய்யும் சத்தமும், முற்றத்து முருங்கையும், மெழுகிய தரையின் குளிர்ச்சியும் இன்பமானவைதான், அவற்றை மறுக்கவேண்டியதில்லை. கதவைச் சாத்துவதா திறந்துகொண்டு போவதா என்பது வீட்டுக்காரனின் கையில் இருக்கும்போதுதான் அந்த இன்பம் முழுமையாகிறது. மீளத் திரும்பி, காடு வெட்டி, பழைய கிணற்றடியைத் தேடிக் கண்டுபிடித்து, முதலில் ஒரு கிடுகுக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த முசலிக்காரரிடம் கேட்டால் குடிசையின் சுகம் என்னவென்று சொல்வார். அவருக்கு அதைச் சொல்லத் தகுதி இருக்கிறது.